பேரரசன் மண்டபத்துக்கு மேலே பெரினாவின் அடுப்படி

ஸ்ப்லிட் துறைமுகத்தில் வெளியூர்க் கப்பல் வந்து நின்றால் முதலில் இறங்குவது கேமராதான். அதைக் கழுத்தில் மாட்டிய ஆள் அதற்குப் பின்னால்தான் வருவார். வந்தவர்கள் அண்ணாந்தபடியே நடப்பார்கள். ரோமானியப் பேரரசன் டயோக்ளீஷியன் பதவியை விட்டுவிட்டு ஓய்வாக இருக்கக் கட்டிக்கொண்ட அரண்மனை அது. அவன் போய் ஆயிரத்து அறுநூறு ஆண்டாகிறது. அதற்குள் ஒரு ஊரே குடியேறிவிட்டது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ரொட்டிக் கடை, கோட்டைச் சுவரைக் குடைந்து சன்னல், சன்னலுக்குச் சன்னல் துணிக்கொடி. வந்தவர்கள் ஒன்றையும் விடாமல் படம் எடுப்பார்கள். பெரினாவின் உள்பாவாடையும் அதில் சேர்த்தி.

"என் பாவாடையில அப்படி என்னத்தைக் கண்டாங்களோ!" என்பாள் பெரினா.

"உள்ள இருக்கிற ஆளைப் பார்க்காததால எடுக்கிறாங்க, அக்கா. பார்த்தா கேமராவைப் போட்டுட்டு ஓடிருவாங்க" என்பாள் தங்கை யெல்கா.

பெரினாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கணவன் பேப்போ கப்பலுக்குப் போனவன், திரும்பவில்லை. கல்யாணமே வேண்டாம் என்றிருந்த யெல்காவும் அவளும்தான் வீட்டில். மீன் சந்தையில் கல்மேடைகளைக் கழுவுவது அவள் வேலை. அந்தச் சந்தையில் ஒரு ஈகூட மொய்க்காது. பக்கத்திலிருக்கும் கந்தக ஊற்றின் நாற்றம் ஈக்களுக்கு ஆகாது. பெரினாவுக்கு ஆகும். முப்பது ஆண்டு அந்த நாற்றத்தில் நின்று, கல் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அழுக்கான கல்லைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும்.

ஆனால் எதையும் 'பார்க்க' என்று அவள் ஒரு நாளும் போனதில்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து வாய்பிளந்து நிற்கிறார்களே, அந்தத் தூண்களுக்கு நடுவேதான் அவள் தினமும் மீன்கூடையோடு போவாள். தூணில் சாய்ந்து செருப்பிலிருந்து கல்லைத் தட்டிவிட்டுக்கொள்வாள். அதோடு சரி. பார்ப்பதெல்லாம் வேலையில்லாதவன் செய்கிற வேலை என்பது அவள் கட்சி.

அரண்மனையின் தெற்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வரிசையில் அவள் வீடு. அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. சமையலறைத் தரையில் ஒரு துளை, அதன்மேல் ஒரு பலகை மூடி. மீன் கழுவிய நீர், எலும்பு, உடைந்த சட்டி, அடுப்புச் சாம்பல், இன்னும் நாகரிகம் கருதி நான் சொல்லாமல் விடுகிற சங்கதிகள் எல்லாம் அந்தத் துளை வழியே கீழே போகும். அவள் அம்மா போட்டாள். அம்மாவுக்கு அம்மாவும், அவளுக்கு முந்தினவளும் போட்டார்கள். துளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. குப்பை இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. வீடுகளுக்குக் கீழே இருப்பது பேரரசனின் நிலவறை மண்டபங்களாம். கூரைவரை குப்பை ஏறி அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவாம். அதையெல்லாம் அள்ளி வெளியே கொட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்கிற மாதிரி, கூடவே ஒரு காகிதமும் வந்தது. 'அரண்மனையின் மேல் பிற்காலத்தில் ஏறியவை' என்று தலைப்பு. கீழே ஏழு வீட்டு எண்கள். நான்காவது பெரினாவுடையது. ஜூன் மாதம் தலைநகரிலிருந்து கம்யூனிஸ்டு அரசின் கமிட்டி வரும். மண்டபத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தால் இந்த வீடுகளை இடிப்பார்கள். வீட்டுக்காரருக்கு மலைச்சரிவில் கட்டியிருக்கும் புதுக் குடியிருப்பில் இரண்டு அறை கிடைக்கும். அதற்குள் துளைகளைச் சிமெண்டு போட்டு அடைத்துவிட வேண்டும்.

"புது வீட்டுல குழாய் இருக்காம், அக்கா. திருகினா தண்ணியாம்" என்றாள் யெல்கா.

"உனக்குக் குழாய் வேணும்னா நீ போ. நான் பிறந்தது இந்த ரூம்ல. சாகுறதும் இங்கதான்."

"சாகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டியில உட்கார்ந்து குளிச்சுட்டுச் சாகலாமேன்னு பார்த்தேன்."

மற்ற வீட்டார் துளையை அடைத்தார்கள். பெரினா அடைக்கவில்லை. பலகை மேல் ஒரு கிழிந்த பாயைப் போட்டு, அதன்மேல் உருளைக்கிழங்குக் கூடையை வைத்தாள். சிமெண்டு பார்க்க வந்த குமாஸ்தா கூடையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனான்.

அடுத்து அவள் செய்த காரியத்தைக் கேட்டு ஊரே சிரித்தது. சந்தையில் விடுப்புச் சொல்லிவிட்டு, நிலவறையில் குப்பை அள்ளும் கூலி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். எதிரி வீட்டை எந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறான் என்று உள்ளே இருந்தே பார்த்துவிடுவோமே என்ற எண்ணம்தான்.

வேலைக்கு மேஸ்திரி பார்பா ஷீமே. அங்கே வயதான ஆண்களையெல்லாம் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் மாமா என்பதுபோல. முதல் நாளே அவர் ஒற்றைச் சக்கர வண்டியை அவள் கையில் கொடுத்துக் கண்ணடித்தார்.

"வாம்மா பெரினா. உங்க வீட்டுப் பரம்பரைச் சொத்தெல்லாம் இங்கதான் இருக்கு. எண்ணிப் பார்த்து எடுத்துக்க."

"உங்க வீட்டுதும்தான் இருக்கு, பார்பா. வாசனையை வச்சே பிரிச்சுக் கொடுத்துடுறேன்."

குளிர்காலம் முழுக்க அள்ளினார்கள். மேலே ஈரமும் நாற்றமும். கொஞ்சம் இறங்கியதும் நாற்றம் போய்விட்டது, வெறும் கறுப்பு மண். மண்ணில் மீன் முள், சிப்பி, எலும்பு, உடைந்த சட்டி. சட்டியின் கைப்பிடி மாறிக்கொண்டே போயிற்று. பெரினாவின் சமையலறையில் இருப்பது போன்ற கைப்பிடிகள் ஒரு முழ ஆழத்தோடு நின்றன. அதற்குக் கீழே களிமண் புகைக்குழாய்கள் வந்தன, துருக்கியரோடு சண்டை நடந்த காலத்துக்காரர்கள் பிடித்தவை. இன்னும் கீழே பச்சைக் கண்ணாடித் துண்டுகள். அதற்கும் கீழே பெயர் தெரியாத காலத்துப் பெண் எவளோ அடுப்பில் கருக்கிவிட்டு, மாமியாருக்குத் தெரியாமல் தூக்கி எறிந்த ஒரு சட்டி, அடிப்பிடித்தது அப்படியே ஒட்டியிருந்தது. பெரினா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"பார்பா, எல்லாரும் மீன்தான் தின்னுருக்காங்க" என்றாள்.

"பின்னே, கேக்கா தின்பாங்க?"

மண் இறங்க இறங்கச் சுவர்கள் எழுந்தன. முதலில் தலை இடித்த இடத்தில், ஈஸ்டருக்குள் நிமிர்ந்து நிற்க முடிந்தது. மே மாதத்தில் ஏணி வைத்தாலும் கூரை எட்டவில்லை. கையிலிருந்த அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் ஒரு வளைவின் பாதி தெரியும், மீதி இருட்டு. அந்தப் பக்கம் நகர்த்தினால் இந்தப் பக்கம் மறையும். ஒரு நாள் சுவரோரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கூரை வளைவு தொடங்கும் இடத்தில் சாந்தில் ஏதோ கோடுகளைக் கண்டாள். ஏணியில் ஏறிப் பார்த்தாள். மரப்பலகையின் ரேகைகள். கட்டும்போது சாந்துக்குத் தாங்கலாகக் கொடுத்த பலகைகள் மக்கிப்போய் எத்தனையோ நூறு ஆண்டாயிற்று. அவற்றின் ரேகையும் ஒரு கணுவின் சுழியும் சாந்தில் அப்படியே இருந்தன. பெரினா அந்தக் கணுவின்மேல் விரலை வைத்தாள். உடம்பு சிலிர்த்தது. உடனே அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கேமராக்காரிகளைப்போல நிற்கிறாளே! இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அன்றிலிருந்து வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவள் தள்ளும் ஒவ்வொரு வண்டிக்கும் மண்டபம் இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று, அழகாயிற்று. அழகாக ஆக ஆக, இதன்மேல் ஏன் இந்தக் குப்பை வீடுகள் என்று கமிட்டி கேட்பது நிச்சயமாயிற்று. தன் வீட்டைத் தானே வண்டி வண்டியாக வெளியே கொட்டுகிறோமோ என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டே அடுத்த வண்டியை நிரப்புவாள். மீதியைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மண்டபத்தை அளந்து படம் வரைய நேவெங்கா என்ற கட்டடக் கலைஞர் தினமும் வருவாள். முப்பது வயது இருக்கும், கால்சட்டை போட்டவள், சாப்பாட்டு நேரத்தில் உப்பிலிட்ட மத்தி மீனை ரொட்டியில் வைத்துக்கொண்டு தொழிலாளிகளோடுதான் உட்காருவாள். அவளுக்கும் ஒரு தலைவலி இருந்தது.

"கீழ எப்படியோ மேலயும் அப்படியேதான் அரசனோட அறைகள் இருந்திருக்கணும், அக்கா. ஆனா மேல ஒண்ணுமே மிஞ்சலன்னு கமிட்டி சொல்லுது. மிஞ்சியிருக்கான்னு பார்க்கணும்னா, கீழ இருக்கிற எந்தச் சுவருக்கு நேர் மேல எந்த வீடுன்னு தெரியணும். நடுவுல ஒரு மீட்டருக்கு மேல கூரைக் கனம். மேல சந்து சந்தா வளைஞ்சு போகுது. துளை ஒண்ணு இருந்தாப் போதும், நூல்ல குண்டு கட்டி இறக்கிப் பார்த்துடலாம். எல்லாத்தையும் அடைச்சுட்டாங்க."

பெரினா ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். பெரிய மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்தால் கும்மிருட்டில் மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு தெரியும். பலகை மூடியின் விளிம்பு அது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் சாப்பிட வெளியே போன பிறகுதான் யெல்கா வாளியை ஊற்றுவாள், திரும்பியதும் பெரினா அதை முதல் வண்டியில் அள்ளிவிடுவாள். சொன்னால், அடைக்கச் சொன்னதை அடைக்காத குற்றம். பட்டியலில் முதல் வீடாகத் தன் வீட்டையே ஏற்றிவிடுவார்கள்.

"அப்படியா!" என்று மட்டும் சொன்னாள்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் தரைக்கல் முழுதும் வெளிப்பட்டுவிட்டது. நடு மண்டபத்தில் மட்டும் மண்கறை படிந்து கிடந்தது. யாரும் சொல்லவில்லை, கூலியும் இல்லை. பெரினா சந்தையிலிருந்து தன் பிரஷ்ஷை எடுத்து வந்து முழங்காலிட்டுத் தேய்த்தாள். நாற்பது வாளித் தண்ணீர். எழுந்தபோது கல் மீன் மேடையைவிட வெள்ளையாக இருந்தது.

மறுநாள் வடகாற்று வீசிற்று. தென்காற்றடிக்கும் நாளில் அங்கே யாரும் எந்த முடிவும் எடுக்க மாட்டார்கள். தலை கனக்கும், புத்தி மழுங்கும் என்பார்கள். கமிட்டியைத் தென்காற்றாவது தடுக்காதா என்றிருந்த பெரினாவுக்கு அதுவும் இல்லை. வானம் துடைத்த மாதிரி இருந்தது.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். தலைவர் ஒட்டோகர் பருத்த மனிதர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். கம்பியில் தொங்கிய இரண்டு பல்பு வெளிச்சத்தில் அவருக்குத் தன் சப்பாத்துத்தான் தெரிந்தது.

"தோழர் நேவெங்கா, இது கிடங்கு மாதிரி இருக்கே. இதைப் பார்க்கவா வெளிநாட்டுக்காரன் டிக்கெட் வாங்குவான்?"

"பெரிய மண்டபம், தோழர். இருட்டுல தெரியல."

"அதைத்தானே நானும் சொல்றேன். மேல இருக்கிற ஏழையும் எடுத்துடுவோம். கூரையில நாலு இடத்துல திறந்துவிட்டா வெளிச்சம் வரும். எழுதிக்குங்க."

பெரினா தன் வண்டியோடு தூணோரம் நின்றாள். கமிட்டியில் ஒருவர் பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தது. மணி அடித்தால் கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது மேலே யெல்காவின் கணக்கு; மீன் கழுவி முடித்து, கூடையை நகர்த்தி, பாயைச் சுருட்டி, மூடியைத் தூக்கினாள்.

அடுப்புப் புகை போக அந்தச் சமையலறைக் கூரையில் ஒரு சன்னல் உண்டு. ஜூன் மாத உச்சி வெயில் அதன் வழியே தரையில் விழுந்து, தரையின் துளை வழியே அப்படியே கீழே இறங்கிற்று. மண்டபத்தின் நடுவே ஒரு தூண் நின்றது, வெளிச்சத்தாலான தூண், உள்ளே தூசி பொன்னாகச் சுழன்றது. அது பெரினா தேய்த்து வைத்த வெள்ளைக் கல்லில் விழுந்து, கல்லிலிருந்து மேலே தெறித்தது. ஆறு மாதமாக அவர்கள் துண்டு துண்டாகப் பார்த்த அத்தனையும் ஒரே நொடியில் ஒன்றாகி நின்றன. எட்டாத உயரத்தில் செங்கல் வளைவுகள் ஒன்றன் தோளில் ஒன்றாகக் கைபோட்டுக்கொண்டு போயின. அவற்றைத் தாங்கிய தூண்கள் இருட்டிலிருந்து வெளியே வந்தன. கடைசியில் அரைவட்டமாக வளைந்த சுவர், அதில் மனிதன் நிற்கும் அளவு மாடங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு கண்ணும் பார்க்காத மண்டபம் கண்முன்னே நின்றது. ஒட்டோகரின் கைக்குட்டை கீழே விழுந்தது. பார்பா ஷீமே தொப்பியைக் கழற்றிவிட்டார், கட்சிக்காரர்கள் நிற்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பெரிதா! இதன் தலைமேலா கால் வைத்து நடந்தோம்!

கமிட்டி பயத்தில் யெல்காவிடம் சொல்ல மறந்தது அடுத்த கணம்தான் அவளுக்கு உறைத்தது. மூடி திறந்தால் அடுத்து வாளி. மீன் கழுவிய நீரும் குடலும் செதிலும் நேராக அந்த வெள்ளைக் கல்லில் வந்து விழும். வாயைத் திறந்தால் துளை யாருடையது என்று தெரிந்துவிடும், வீடு போகும். திறக்காவிட்டால் வெளிச்சம் போகும். யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வண்டியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து வெளிச்சத்துக்குள் நின்று கத்தினாள்.

"யெல்கா! ஊத்தாதே!"

மேலிருந்து நடுங்கும் குரல் வந்தது.

"யாரது? பேரரசரா?"

"உன் அக்காடி! வாளியைக் கீழ வை!"

"நீயா? அங்க என்ன பண்ற? எத்தனை நாளா ஊத்துறேன், இன்னைக்கு என்ன புதுசா?"

"இங்க ஆளுங்க நிக்கிறாங்க!"

"நின்னா நகரச் சொல்லு! கை வலிக்குது!"

வாளி தளும்பி, ஒரே ஒரு மத்தி மீன் தலை சுழன்று வந்து ஒட்டோகரின் காலடியில் விழுந்தது. அவ்வளவுதான். யெல்கா வாளியை வைத்துவிட்டாள்.

எல்லோரும் பெரினாவைப் பார்த்தார்கள். வெளிச்சத்துக்குள் நின்றதால் அவளுக்கு யார் முகமும் தெரியவில்லை. "என் வீடுதான்" என்றாள். "நாலாம் நம்பர். அடைக்கச் சொன்னீங்க, நான் அடைக்கல. என்ன பண்ணணுமோ பண்ணுங்க. இந்தக் கல்லு மேல மட்டும் அழுக்குப் படக்கூடாது."

முதலில் அசைந்தது நேவெங்காதான். அவள் பெரினாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"துளை இருக்கா? இத்தனை மாசம் என் பக்கத்துல உட்கார்ந்து மீன் தின்னுட்டு, துளை இருக்குன்னு சொல்லலையே அக்கா!"

பத்து நிமிடத்தில் நேவெங்கா மேலே சமையலறையில் குப்புறப் படுத்துத் துளை வழியே தூக்குக்குண்டை இறக்கினாள். கீழே பார்பா ஷீமே குண்டிலிருந்து மண்டபச் சுவருக்கு நாடா பிடித்தார். "ரெண்டு மீட்டர் பத்து!" என்று கத்தினார். மேலே நேவெங்கா நூலிலிருந்து அடுப்புச் சுவருக்குப் பிடித்தாள். இரண்டு மீட்டர் பத்து. இன்னும் இரண்டு பக்கம் அளந்தார்கள். அதுவும் அச்சு மாறவில்லை. நேவெங்கா சுத்தியலை வாங்கி, அடுப்புக்கு மேலே சுண்ணாம்பை மெல்லக் கொத்தினாள். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ பூச்சு, கடைசியில் கரி. கரிக்குப் பின்னால் அகலமான, தட்டையான செங்கல் வரிசை. கீழே அவர்கள் ஆறு மாதமாகப் பார்த்த அதே செங்கல், அதே கனத்துச் சாந்து.

"மூணு சுவர் அவனோடது" என்றாள் நேவெங்கா. "கூரையும் எதிர்ல இருக்கிற அந்த ஒரு சுவரும்தான் பின்னால வந்தது. அரசன் நடந்த தளம் இது, தோழர். மேல ஒண்ணுமே மிஞ்சலன்னு சொன்னோமே! இதுக்குள்ள மீன் பொரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

படியேறி மூச்சு வாங்கிய ஒட்டோகர் சுவரைப் பார்த்தார். "அப்போ இந்த வீட்டை இடிச்சா?"

"அரண்மனையைத்தான் இடிக்கிறோம்."

அவர் எழுதுகிறவரிடமிருந்து காகிதத்தை வாங்கி, நான்காம் எண்ணைத் தானே அடித்தார். மற்ற ஆறையும் அளந்து பார்க்காமல் ஒரு கல்லையும் தொடக் கூடாது என்றார். இனி இந்தச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"பதினோரு ஆணி அடிச்சாச்சே!" என்றாள் யெல்கா. "சரி, அப்போ எனக்குக் குழாய்?"

"குழாய் இங்கேயே வரும், அம்மா. வாளியைத்தான் நிறுத்தணும்."

பெரினா சுவரின் கொத்திய இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். வீடு தப்பித்தது என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவளைத் திகைக்க வைத்தது அதுவல்ல. ஊரெல்லாம் கப்பலேறி வந்து பார்க்கிறதே, அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே தலைவாரி, அதற்குள்ளேயே பேப்போவுக்குக் காத்திருந்து அழுதிருக்கிறாள். 'ஏறியவை' என்று காகிதத்தில் போட்டார்கள், அவளும் அதை நம்பி வெட்கப்பட்டாள். அவள் எங்கும் ஏறவில்லை. உள்ளேயே இருந்திருக்கிறாள்.

"யெல்கா, நாம அரண்மனையில இருக்கோம்டி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும். அதான் இவ்வளவு குளிரு" என்றாள் யெல்கா. ஆனால் அவளும் ஏப்ரன் துணியால் மூக்கைச் சிந்தினாள்.

வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெரினா கீழே இறங்கிப் போனாள். ஆட்கள் வேலை செய்யவில்லை. ஒவ்வொருவராக வெளிச்சத்துக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்தவனுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்பா ஷீமே அதட்டவில்லை. அவரே இரண்டு தடவை போய்வந்துவிட்டார். பெரினா தன் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெளிச்சம் கல்லில் மெல்ல நகர்ந்தது. அது நகர நகர மேலே வேறு வளைவுகள் தெரிந்தன.

மேலே யெல்காவின் தலை துளையை மறைத்தது. மண்டபம் இருண்டது.

"அக்கா! பார்த்தது போதுமா? மூடட்டுமா? சூப்பு ஆறுது."

"தலையை எடுடி" என்றாள் பெரினா. "மூடாதே. நான் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கல."